அத்தி வகைகள் சேர்ப்போர் அறிய வேண்டிய சில செய்திகள்

ரமலான் பிறை தோன்றுவதற்கு ஒரு மாதம் முன்னதாகவே நம் கடைகளில் பேரீச்சம்பழப் பெட்டிகள் வந்து இறங்கிவிடும். அவற்றோடு துருக்கியிலிருந்து வரும் உலர்ந்த அத்திப்பழப் பொட்டலங்களும் இறங்கும். சரக்கை அடுக்குவதிலும் விலை சொல்வதிலும் நம்மவர் கெட்டிக்காரர். ஆனால், "இந்தப் பழம் எந்த வகை மரத்தில் காய்த்தது, அந்த வகைக்கு என்ன பெயர்?" என்று வாடிக்கைக்காரர் ஒருவர் கேட்டுவிட்டால், பெரும்பாலோர் பொட்டலத்தைத் திருப்பிப் பார்ப்பார்களேயன்றிப் பதில் சொல்லமாட்டார்கள்.

அப்படிக் கேட்கக்கூடியவர்கள் இப்பொழுது பெருகிவிட்டார்கள். 2010ஆம் ஆண்டுக்குப் பிற்பட்ட காலத்தில் மலேசியாவில் அத்தி வளர்ப்பு ஒரு பெரிய பொழுதுபோக்காகப் பரவிற்று. மலாய்க்காரர்கள் இதனைப் 'போக்கோக் தீன்' என்பார்கள். திருக்குர்ஆனின் 95ஆவது அத்தியாயம் 'அத்தீன்' என்னும் பெயரைத் தாங்கியிருப்பதும், அது இப்பழத்தின் மீதும் ஒலிவத்தின் மீதும் சத்தியமிட்டுத் தொடங்குவதும் யாவரும் அறிந்ததே. அந்த மரியாதையே பலரை இம்மரத்தின்பால் இழுத்தது எனலாம். முதலில் ஒரு மரம் வைத்தவர் பிறகு ஐந்து வைத்தார். ஐந்து வைத்தவர் ஐம்பது வகை தேடினார். நம் வியாபார அன்பர்களிலும் வீட்டு வாசலிலும் கடை மாடியிலும் தொட்டிகளை வரிசையாக வைத்திருப்பவர்கள் உண்டு.

இவர்களுக்குச் சொல்ல வேண்டிய முக்கியமான செய்தி ஒன்று இருக்கிறது. அத்தி வகை சேர்ப்பவர் பணம் கொடுத்து வாங்குவது குச்சியை அன்று. குச்சியில் கட்டியிருக்கும் பெயர்ச்சீட்டை. இலையும் தண்டும் ஒன்றுபோலவே தோன்றும் இரண்டு குச்சிகளில் ஒன்று பத்து வெள்ளிக்கும் மற்றொன்று நூற்றுக்கணக்கான வெள்ளிக்கும் விலை போவது அந்தச் சீட்டினால்தான். அப்பெயர் மெய்யா, மெய்யென்றாலும் அந்தப் பெயருடைய மரம் நம் மண்ணில் பழம் தருமா என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை தெரியாமல் வாங்குவது, மூட்டையைப் பிரித்துப் பாராமல் சரக்கெடுப்பதற்கு ஒப்பாகும்.

முதலில் மரத்தைப் பற்றித் தெரிந்துகொள்வோம். நம் ஊர் ஆற்றங்கரைகளில் அடிமரத்திலேயே கொத்துக் கொத்தாகக் காய்ப்பது நாட்டத்தி. ஆலும் அரசும் அதன் உறவினங்கள். உலகில் இக்குடும்பத்து மரங்கள் ஏறத்தாழ 800 இனங்கள் உள்ளன. நாம் இங்கே பேசுவது அவற்றுள் ஒன்றாகிய சீமையத்தியைப் பற்றி மட்டுமே. மேற்காசியாவும் மத்தியதரைக் கடலோரமும் அதன் தாயகம். யோர்தான் பள்ளத்தாக்கில் யெரிக்கோவுக்கு அருகே 11,000 ஆண்டுகளுக்கும் முற்பட்ட கரிந்த அத்திப்பழங்கள் அகழ்ந்தெடுக்கப்பட்டன என்று 2006இல் ஆராய்ச்சியாளர்கள் வெளியிட்டார்கள். கோதுமை பயிரிடுவதற்கும் முன்பே மனிதன் அத்திப் போத்தை ஒடித்து நட்டிருக்கலாம் என்பது அவர்கள் கருத்து. அக்கருத்தை ஒப்புக்கொள்ளாத அறிஞரும் உளர். எப்படியாயினும் மிகப் பழைய மரம் என்பதில் ஐயமில்லை.

கிடைத்தற்கரியதை 'அத்தி பூத்தாற் போல' என்கிறோம். அத்தி பூக்காமல் இல்லை. நாம் காய் என்று நினைப்பதன் உள்ளேயே நூற்றுக்கணக்கான சின்னஞ்சிறு பூக்கள் உட்புறம் நோக்கிப் பூத்திருக்கின்றன. வெளியே தெரிவது அவற்றைப் பொதிந்த பை. அந்தப் பையின் நுனியில் ஊசிக்கண் போன்ற ஒரு துவாரம் இருக்கிறது. வளர்ப்பவர்கள் அதைக் 'கண்' என்றே சொல்லுகிறார்கள். இந்தக் கண்ணைப் பற்றிப் பின்னால் மறுபடியும் பேச வேண்டியிருக்கும்.

மூடிய பைக்குள் இருக்கும் பூவுக்கு மகரந்தம் எப்படிப் போய்ச் சேரும்? இதற்கென்றே ஒரு மிகச் சிறிய குளவி இருக்கிறது. சீமையத்தியில் ஆண் தன்மையுள்ள மரங்கள் தனியே உண்டு. அவற்றின் காய்களுக்குள் இக்குளவி முட்டையிட்டுப் பெருகும். வெளியே வரும் பெண் குளவி உடம்பெல்லாம் மகரந்தத்தைப் பூசிக்கொண்டு பறந்து, வேறொரு காயின் கண் வழியே நுழையும். நெருக்கி நுழைகையில் சிறகு முறிந்துபோகும். நுழைந்த காய் நாம் உண்ணும் பெண் மரத்துக் காயாயின், அங்கே முட்டையிட வசதியில்லாமல் குளவி மடிந்துவிடும். ஆனால் அது கொண்டுவந்த மகரந்தம் பூக்களில் படிந்து, காய் பழமாகும்.

இனி வகைகளுக்கு வருவோம். உண்ணும் அத்தியில் மூன்று பிரிவு உண்டு. குளவியும் மகரந்தமும் இல்லாமல் தானே பழுப்பவை ஒரு பிரிவு; இவற்றைச் சாதாரண அத்தி என்பர். குளவி வந்தாலன்றிப் பழுக்காமல், பிஞ்சிலேயே வாடி உதிர்பவை இரண்டாவது. இவற்றுக்கு ஸ்மிர்னா அத்தி என்று பெயர். பழைய கிளையில் வரும் முதற்போகம் தானே பழுத்து, புதுத் தளிரில் வரும் இரண்டாம் போகத்துக்கு மட்டும் குளவி வேண்டியவை மூன்றாவது. இவை சான் பெட்ரோ அத்தி எனப்படும். சீமையத்திக்குரிய குளவி நம் நாட்டில் இல்லை. இங்குள்ள காட்டத்தி மரங்களுக்கு வேறு குளவிகள் உண்டு. அவை அந்தந்த மரத்துக்கே சொந்தம், சீமையத்திக்கு உதவா. ஆகவே ஸ்மிர்னா பிரிவைச் சேர்ந்த மரத்தை என்ன விலை கொடுத்து வாங்கி எவ்வளவு அன்போடு வளர்த்தாலும் இங்கே ஒரு பழம் கிடைக்காது. சான் பெட்ரோ பிரிவும் நமக்குப் பயனில்லை. குளிர்காலம் வந்து போகும் நாடுகளில்தான் அதன் முதற்போகம் சரியாக வரும்.

'அத்திப்பழத்தைப் பிட்டுப் பார்த்தால் அத்தனையும் புழு' என்ற பழமொழியை நினைத்துச் சிலர் இப்பழத்தை உண்ணத் தயங்குகிறார்கள். அது நாட்டத்திக்குப் பொருந்தும். குளவியே இல்லாத இந்நாட்டில் தொட்டியில் பழுக்கும் சாதாரண அத்திக்குள் அந்தக் குளவி எங்கிருந்து வரும்? அந்த வகையில் தயக்கமின்றி உண்ணலாம்.

ஸ்மிர்னா பிரிவைக் குறித்து ஒரு வரலாறு உண்டு. வியாபாரிகளாகிய நாம் அறிந்திருக்க வேண்டிய வரலாறு இது. துருக்கியின் மேற்குக் கரையில் இன்று இஸ்மிர் என்று அழைக்கப்படும் துறைமுகத்தின் பழைய பெயரே ஸ்மிர்னா. அங்கிருந்து கப்பலேறிய உலர்ந்த அத்தி உலகச் சந்தையில் முதலிடம் பெற்றிருந்தது. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் இருந்த விவசாயிகள், "நம் நாட்டிலும் அதே வெயில் அடிக்கிறதே, நாமே விளைவித்தால் என்ன?" என்று எண்ணினார்கள். 1880களின் தொடக்கத்தில் சான் பிரான்சிஸ்கோவின் 'புல்லட்டின்' பத்திரிகை, ரிக்ஸ்ஃபோர்டு என்பவரின் முயற்சியால் சுமார் 14,000 போத்துகளைத் துருக்கியிலிருந்து வரவழைத்துத் தன் சந்தாதாரர்களுக்குப் பகிர்ந்தளித்தது. போத்துகள் வேர்விட்டன, மரங்கள் செழித்தன, காயும் பிடித்தன. பெருவிரல் அளவுக்கு வந்ததும் அத்தனையும் உதிர்ந்து போயின. அடுத்த ஆண்டும் அப்படியே. அதற்கடுத்த ஆண்டும் அப்படியே.

பணம் போட்டவர்களுக்குக் கோபம் வந்தது. போட்டிக்கு ஆள் வரக்கூடாதென்று ஸ்மிர்னா வியாபாரிகள் நல்ல மரத்தை மறைத்துவைத்துப் போலியை அனுப்பிவிட்டார்கள் என்று பலர் நம்பினார்கள். குஸ்தாவ் ஐசன் என்ற அறிஞர் எழுந்து, "மரத்தில் குற்றமில்லை, ஆண் மரமும் குளவியும் இல்லாததே காரணம்" என்ற கருத்தைச் சொன்னபோது கூட்டத்தார் அவரைக் கூச்சலிட்டு அடக்கினார்களாம். படித்தவர்களுக்கே அது பட்டிக்காட்டு நம்பிக்கையாகத் தோன்றிற்று. துருக்கி விவசாயிகளோ ஆண் அத்திக் காய்களைச் சரமாகக் கோத்துப் பெண் மரங்களில் தொங்கவிடும் வழக்கத்தைத் தலைமுறை தலைமுறையாகச் செய்துவந்தார்கள். கிரேக்க நாட்டு அரிஸ்டாட்டில் காலத்திலேயே அந்த வழக்கம் அறியப்பட்டிருந்தது.

பிரெஸ்னோ நகரில் நாற்றுப் பண்ணை வைத்திருந்த ஜார்ஜ் ரோடிங் என்பவர் 1890இல் கையாலேயே மகரந்தத்தைக் காயின் கண்ணுக்குள் செலுத்திப் பார்த்தார். அப்படிச் செய்த காய்கள் பழுத்தன! அதன் பிறகும் குளவியை உயிரோடு கொண்டுவந்து நிலைக்கச் செய்ய ஒன்பது ஆண்டுகள் பிடித்தன. அமெரிக்க விவசாய இலாகாவைச் சேர்ந்த வால்டர் சுவிங்கிள் அல்ஜீரியாவிலிருந்து அனுப்பிய காய்களிலிருந்து வந்த குளவிகள் 1899இல் ரோடிங்கின் தோட்டத்தில் பெருகின. கலிபோர்னியாவையும் ஸ்மிர்னாவையும் சேர்த்து அந்த அத்திக்குக் 'கலிமிர்னா' என்று புதுப்பெயர் சூட்டினார்கள். துருக்கியில் அதே மரத்துக்கு 'சாரிலோப்' என்று பெயர். நம் கடையில் விற்கும் துருக்கிப் பழம் பெரும்பாலும் இந்த வகைதான்.

பாருங்கள்! ஸ்மிர்னா வியாபாரி அனுப்பிய சரக்கு சுத்தமான சரக்கு. ஏமாற்றினான் என்று பெயர் வாங்கியதுதான் மிச்சம். வாங்கியவனுக்குச் சரக்கின் தன்மை தெரியாததே நஷ்டத்துக்குக் காரணம். இன்றும் நம்மிடையே இதேபோல் நடக்கிறது. 'துருக்கி அத்தி' என்று கேட்டு ஆசையோடு வாங்கியவர், காய் உதிர்வதைக் கண்டு உரம் மாற்றிப் பார்க்கிறார், தண்ணீர் மாற்றிப் பார்க்கிறார், கடைசியில் விற்றவரைத் திட்டுகிறார்.

இதைச் சொல்லும்போது இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். கடையில் உள்ள உலர்ந்த துருக்கிப் பழத்தை ஊறவைத்து விதையெடுத்து விதைத்தால் முளைக்கும். மகரந்தம் பட்ட பழமாதலால் விதை மெய்யானது. ஆனால் அவ்விதையில் ஏறத்தாழப் பாதி ஆண் மரமாகும். மீதியில் பெரும்பகுதி குளவி கேட்கும் பெண் மரமாகும். மூன்று நான்கு வருஷம் வளர்த்து ஏமாறுவதற்கு இதைவிடச் சுலபமான வழியில்லை. அத்தியில் விதைவழி வந்த பிள்ளை தாயைப் போல் இராது. போத்து நட்டோ பதியம் போட்டோதான் வகையைக் காப்பாற்ற முடியும். ஆயிரம் மைல்களுக்கு அப்பாலுள்ள தாய் மரத்தின் ஒரு துண்டுதான் நம் தொட்டியில் நிற்கிறது. அதே மரம், அதே குணம். அதனால்தான் இங்கே பெயருக்கு அவ்வளவு மதிப்பு.

பெயர் விவகாரமோ லேசானதன்று. கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் அத்தியை ஆராய்வதிலேயே வாழ்நாளைச் செலவிட்ட ஐரா காண்டிட் என்பவர், 1955இல் அத்தி வகைகளைப் பற்றிப் பெரியதொரு நூலை வெளியிட்டார். 600க்கு மேற்பட்ட வகைகளை அதில் விவரித்திருக்கிறார். ஒரே மரம் ஊருக்கொரு பெயரோடு உலவுவதையும், வெவ்வேறு மரங்கள் ஒரே பெயரில் விற்கப்படுவதையும் அந்நூல் பக்கத்துக்குப் பக்கம் காட்டுகிறது. இத்தாலியில் 'டொட்டாட்டோ' என்பது அமெரிக்காவில் 'கடோட்டா'. இங்கிலாந்தில் 'பிரவுன் டர்க்கி' என்று பெயர் பெற்ற மரம் வேறு. கலிபோர்னியாவில் அதே பெயரில் பயிராகும் மரம் வேறு. ஜப்பானில் மிகுதியாகப் பயிராவது 'மசூய் டோஃபின்'. இது 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மசூய் என்பவர் அமெரிக்காவிலிருந்து கொண்டுபோன மரம். ஆனால் பிரான்ஸ் நாட்டின் 'டோஃபின்' அத்திக்கும் இதற்கும் பெயர் ஒற்றுமையைத் தவிர வேறு ஒற்றுமை இல்லை என்பர். மரபணுச் சோதனை வந்த பிறகு, தனித்தனி வகை என்று பாதுகாத்துவந்த மரங்கள் ஒன்றே என்று தெரியவந்த சந்தர்ப்பங்களும் பல.

நம் நாட்டில் பெயரைச் சுருக்கிச் சொல்லும் பழக்கம் வேறு சேர்ந்துகொண்டது. 'எம்.டி.' என்றால் மசூய் டோஃபின். 'வி.டி.எஸ்.' என்றால் பிரான்சின் தென்பகுதியிலுள்ள சோலியேஸ் ஊர்ப் பக்கத்து ஊதா அத்தி. 'ஐ.பி.டி.', 'பி.டி.எம். 6' என்று இன்னும் எத்தனையோ. எழுத்துச் சுருக்கம் கணக்குப் புத்தகத்துக்கு வசதிதான். ஆனால் ஒருவர் கையிலிருந்து மற்றவர் கைக்குப் போகும்போது ஓர் எழுத்து மாறினால் மரமே மாறிவிடுகிறது. விற்பனைக்காகத் தாமே புதுப்பெயர் சூட்டுகிறவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

சோலியேஸ் ஊரார் இவ்விஷயத்தில் விழிப்பாக இருந்தார்கள். அவ்வட்டாரத்தில் விதிப்படி விளைந்த அந்த ஊதா அத்திப்பழத்தைத் தவிர வேறெதையும் 'சோலியேஸ் அத்தி' என்று விற்கலாகாதென 2006இல் பிரெஞ்சுச் சட்டத்தின் பாதுகாப்பைப் பெற்றார்கள். ஆகவே நம் தொட்டியில் நிற்கும் மரம் அதே வகையாக இருக்கலாம்; அதன் பழத்தை அந்தப் பெயரால் சந்தையில் விற்பது முறையாகாது. மரத்துக்கு ஒரு பெயர், மண்ணோடு சேர்ந்த பழத்துக்கு இன்னொரு பெயர் என்ற இந்த நுட்பம், பாஸ்மதி அரிசி விற்பவர்களுக்கு எளிதில் விளங்கும்.

வகைகளைச் சேர்ப்பதில் பெயர் பெற்ற ஒருவரை இங்கே குறிப்பிட வேண்டும். ஸ்பெயின் நாட்டுக்குச் சொந்தமான மயோர்க்காத் தீவில் மோன்செராத் போன்ஸ் இ போஸ்கானா என்று ஒரு மருந்துக்கடைக்காரர். தம் தீவிலே பழைய அத்தி வகைகள் அழிந்துவருவதைக் கண்டு, கிராமம் கிராமமாகச் சென்று முதியவர்களிடம் விசாரித்துப் போத்துகளைச் சேகரித்தார். பொழுதுபோக்காகத் தொடங்கியது இன்று 'சோன் மூட் நோவ்' என்னும் தோட்டத்தில் 1,000க்கு மேற்பட்ட வகைகளாக நிற்கிறது. அவர் மரத்தை மட்டும் சேர்க்கவில்லை. அந்தந்த மரத்தின் பெயரையும், அப்பெயர் எந்த ஊரில் வழங்கிற்று என்பதையும் சேர்த்தார். நம்மில் எத்தனை பேர் அப்படிச் செய்கிறோம்?

இங்கே அத்தி ஆவல் உச்சத்திலிருந்த காலத்தில் அபூர்வ வகை என்று சொல்லப்பட்ட சிறு பதியத்துக்கும் நூற்றுக்கணக்கான வெள்ளி கொடுத்தவர்கள் உண்டு. அத்தி சுலபமாக வேர்விடும் மரம். இந்த வருஷம் ஒன்றாக இருப்பது அடுத்த வருஷம் இருபதாகிவிடும். அப்படிப் பெருகக்கூடிய சரக்கின் விலை எத்தனை நாள் நிற்கும்? விலை இறங்கியதில் வியப்பில்லை. முதலீடு என்று நினைத்து வாங்கியவர்கள் கைவிட்டார்கள். பழத்துக்காக வாங்கியவர்கள் இன்றும் தின்றுகொண்டிருக்கிறார்கள்.

ஆகவே வாங்கும்போது சிலவற்றைக் கேட்டறிய வேண்டும். தாய் மரம் எங்கே இருக்கிறது, அது இந்நாட்டில் காய்த்துப் பழுத்ததை விற்பவர் பார்த்திருக்கிறாரா என்பது முதற் கேள்வி. படத்தைக் காட்டினால் போதாது. பிரான்சில் எடுத்த படமாக இருக்கும். எந்தப் பிரிவு என்பது இரண்டாவது கேள்வி. 'சாதாரண அத்தி' என்ற பதில் வராவிட்டால் விலை பேசவே வேண்டாம். பதியத்தை நேற்று வெட்டி இன்று விற்கிறாரா, தொட்டியில் நட்டுப் புது இலை விட்ட பிறகு விற்கிறாரா என்பதையும் பார்க்க வேண்டும். இலையில் வெளிர்மஞ்சள் திட்டுகளும் கோணல்மாணலும் இருந்தால் அது மொசைக் என்னும் நச்சுயிரி நோயாக இருக்கலாம். அதற்கு மருந்தில்லை, போத்தோடு கூடவே வந்து, கண்ணுக்குத் தெரியாத ஒரு சிலந்திப் பேனால் பக்கத்து மரத்துக்கும் பரவும். வெளிநாட்டுக் குச்சியைப் பெட்டிக்குள் துணிகளுக்கிடையே ஒளித்துக் கொண்டுவருவதும் கூடாது. இறக்குமதி அனுமதியும் அந்நாட்டுத் தாவர நலச் சான்றும் இல்லாமல் கொண்டுவருவது குற்றம்; நோயையும் சேர்த்துக் கொண்டுவந்து ஊருக்குக் கொடுப்பதாக முடியும்.

எந்த வகை நமக்கு ஏற்றது? இங்கேதான் முன்பு சொன்ன கண் முக்கியமாகிறது. அத்தி வெயில் நாட்டு மரம். மழையே அதற்குப் பகை. கண் அகலத் திறந்திருக்கும் வகையில் மழைநீரும் வண்டும் எறும்பும் புகுந்து, பழுக்கும் தறுவாயில் புளித்துவிடும். கண் இறுக மூடிய வகையே நம் வானிலைக்கு நல்லது. அமெரிக்காவின் லூசியானாப் பல்கலைக்கழகத்தார் ஈரம் மிகுந்த தங்கள் கடலோரப் பகுதிக்கென்றே சில வகைகளை உருவாக்கியிருக்கிறார்கள்; அவற்றைத் தேடிப்பிடிப்பது பயன் தரும். பிரவுன் டர்க்கி எளிதில் காய்க்கும். முதன்முதல் வளர்ப்பவர் அதில் தொடங்கலாம். பச்சையும் மஞ்சளுமாக வரியோடிய 'பனாஷே' கண்ணுக்கு மிக அழகு. ஆனால் அந்த வரி நிலையானதன்று. சில கிளைகள் வரியிழந்து வெறும் பச்சையாகிவிடுவதுண்டு. அப்படிப்பட்ட கிளையில் பதியம் போட்டு விற்பது வாங்குபவரை ஏமாற்றுவதாகும்.

வளர்ப்பு முறை கடினமில்லை. பதினைந்து இருபது லிட்டர் கொள்ளும் தொட்டி போதும். நிலத்தில் வைத்தால் வேர்முடிச்சுப் புழு தொல்லை தரும், தொட்டியே மேல். கருக்கிய உமி, தேங்காய் நார்த்தூள், மணல், மக்கிய எரு ஆகியவற்றைக் கலந்து, தண்ணீர் தேங்காமல் வடியச் செய்ய வேண்டும். இம்மரம் புளிப்பு மண்ணை விரும்பாது. கொஞ்சம் சுண்ணாம்புத் தூள் சேர்ப்பது நல்லது. நாளொன்றுக்கு ஆறு மணி நேர வெயிலாவது வேண்டும். அஞ்சடியின் நிழலில் வைத்துவிட்டு, காய்க்கவில்லை என்று வருந்துவதில் பொருளில்லை. முடிந்தவர்கள் மேலே ஒளி ஊடுருவும் தகடு போட்டு மழையை மட்டும் தடுத்தால் பாதி வேலை முடிந்தது.

மழை நனைந்த இலையில் துரு நோய் வரும். இலையின் அடிப்புறத்தில் காவிப்பொடி தூவியதுபோல் காணும். சில வாரங்களில் மரம் மொட்டையாகிவிடும். விழுந்த இலைகளை அன்றன்றே பொறுக்கி அப்புறப்படுத்த வேண்டும். தண்ணீரை வேரில் ஊற்ற வேண்டுமேயன்றி இலைமேல் தெளிக்கலாகாது. தொட்டிகளை நெருக்கி வைப்பதும் இந்நோய்க்கு வழிசெய்யும். ஐம்பது வகை சேர்த்தவர் வீட்டில் நோய் அதிகமாகவும் பழம் குறைவாகவும் இருப்பதற்கு இடநெருக்கடியே காரணம் என்பது என் எண்ணம். பத்து வகை வைத்திருப்பவர் பத்தின் ருசியையும் அறிவார்.

இந்நாட்டில் குளிர்காலம் இல்லாததால் மரம் தூங்குவதில்லை. கவாத்து செய்துதான் அதற்குப் பருவத்தை நாம் உண்டாக்க வேண்டும். கிளைகளை வெட்டினால் புதுத் தளிர் வரும். தளிரின் ஒவ்வோர் இலைக்கணுவிலும் ஒரு காய் பிடிக்கும். பிஞ்சு தோன்றிய நாளிலிருந்து ஏறத்தாழ மூன்று மாதத்தில் பழம் கிடைக்கும். வெட்டும் கிளைகளை வீணாக்காமல் முன்கூட்டியே பதியம் போட்டுக்கொள்ளலாம். பென்சில் கனமுள்ள கிளையில் ஓர் அங்குல அகலத்துக்குப் பட்டையை வளையமாக எடுத்து, ஈர நார்த்தூளை வைத்துப் பிளாஸ்டிக் தாளால் இறுகக் கட்டினால் மூன்று நான்கு வாரத்தில் வேர் தெரியும். வெட்டும்போது வடியும் பால் மேலே பட்டு வெயிலும் பட்டால் தோல் கொப்புளிக்கும். கையுறை போட்டுக்கொள்வது அவசியம். பிள்ளைகளை இந்த வேலைக்கு விட வேண்டாம்.

பதியம் கட்டிய அன்றே பெயர்ச்சீட்டும் கட்ட வேண்டும். பேனா மையில் எழுதிய சீட்டு இந்நாட்டு வெயிலிலும் மழையிலும் ஆறு மாதம் தாங்காது. மெல்லிய அலுமினியத் தகட்டில் ஆணியால் கீறி எழுதிக் கம்பியால் கட்டுவதே உறுதி. அதுவும் அறுந்து விழலாம். ஆகவே தொட்டிக்கு எண் போட்டு, பேரேடு ஒன்றில் அந்த எண்ணுக்கு நேரே வகையின் முழுப் பெயர், யாரிடம் வாங்கியது, எந்தத் தேதி, அவர் யாரிடம் வாங்கினார், முதற்பழம் எப்போது வந்தது, உள்ளே என்ன நிறம் என்பவற்றைப் பதிந்து வைக்க வேண்டும். பற்று வரவு எழுதத் தெரிந்த நம்மவருக்கு இது பெரிய காரியமன்று. பெயரில் ஐயமிருந்தால் 'பெயர் தெரியாதது, இன்னாரிடம் பெற்றது' என்று எழுத வேண்டும்; ஊகித்துப் பெயர் சூட்டக்கூடாது. நண்பருக்கு இலவசமாகக் கொடுக்கும் பதியத்திலும் அப்படியே எழுதிக் கொடுப்பதுதான் முறை. அவர் பிறருக்குக் கொடுப்பார், அவர் இன்னொருவருக்குக் கொடுப்பார். நாம் எழுதிய ஒரு பிழை நமக்குத் தெரியாத நூறு தோட்டங்களுக்குப் போய்ச் சேரும்.

பறிக்கும் காலத்தைப் பற்றிச் சொல்லி முடிக்கலாம். அத்தியைக் காயாகப் பறித்து அரிசிக்குள் வைத்துப் பழுக்கச் செய்வதெல்லாம் நடவாது. மரத்திலேயே பழுத்தால்தான் தித்திப்பு ஏறும். நிறம் மாறிய அன்றே பறிப்பவர்கள் ருசியில்லை என்று வகையின்மேல் குற்றம் சொல்லுகிறார்கள். நிறம் மாறிய பின் காம்பு துவண்டு பழம் தலைகவிழும் வரை, விரலால் தொட்டால் மெத்தென்று இருக்கும் வரை பொறுக்க வேண்டும். சிலவற்றில் கண்ணில் ஒரு துளி தேன் திரண்டு நிற்கும். அதுவரை வௌவாலும் மைனாவும் பொறுத்திருக்கமாட்டா. ஆதலால் காய் பருக்கத் தொடங்கியதும் வலைப்பையால் மூடிக் கட்டிவிட வேண்டும். காம்பைக் கிள்ளும்போது வெண்பால் வடிந்தால் இரண்டு நாள் முந்திவிட்டோம் என்று தெரிந்துகொள்ளலாம்.